ஒன்பதாவது தலைவெள்ளி

ஏசுஅடிமைக்கு வயது ஐம்பத்திரண்டு. குளச்சலுக்குக் கிழக்கே, ஒரு கோயிலும் நூறு குடிசையும் உள்ள சின்னத் துறையில் கட்டுமரம் வைத்து மீன் பிடிக்கிறவர். கடலுக்கு அவர் பயந்தார் என்று எவனும் சொல்ல முடியாது. ஆனால் கோயில் சட்டதிட்டத்துக்கு அவர் பயந்த பயம் இருக்கிறதே, அது ஊரறிந்த விஷயம். இறைச்சி ஆகாத சுத்தபோசன நாளில் எங்காவது இறைச்சி வேகிற வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பார். வாசனையும் பாதி இறைச்சிதான் என்பது அவர் கட்சி. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வீடு திரும்புகிற வழியில், ஒன்றை விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் தட்டும். உடனே திரும்பிப் போய் வரிசையின் கடைசியில் நிற்பார். அவருக்குப் பின்னால் வந்து நிற்கிறவர்கள், இன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்தாற்போலத்தான் என்று பெருமூச்சு விடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒன்பது தலைவெள்ளி எடுத்திருந்தார். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைதான் தலைவெள்ளி. இடையில் ஒன்றுகூடத் தவறாமல் ஒன்பது மாதம் அன்றைக்குப் பூசை கண்டு, ஆண்டவரின் உடலான நற்கருணை அப்பத்தை வாங்க வேண்டும். அப்படி வாங்கி முடித்தவர்கள் கடைசி நேரத்தில் சாமியார் வந்து கொடுக்கிற தேவதிரவிய அனுமானங்கள் கிடைக்காமல் சாகமாட்டார்கள் என்பது திரு இருதய ஆண்டவர் கொடுத்த வாக்கு. கரையில் இருக்கிறவனுக்கு அது நல்ல வாக்கு. கடலில் போகிறவனுக்கோ அது உயிர். ஏசுஅடிமையின் அப்பன் கடலுக்குப் போன ஒரு நாள் கட்டுமரம் மட்டும் திரும்பி வந்தது. சாமியாரும் இல்லை, கடைசி எண்ணெயான அவஸ்தைப் பூசுதலும் இல்லை, கண்ணை மூடிவிட ஒரு கையும் இல்லை. தனக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே கவலை. மீன் கிடைக்காவிட்டால்கூட அவர் இவ்வளவு கவலைப்பட்டதில்லை.

இதற்கு முன்னால் இரண்டு தடவை தொடங்கி, இரண்டு தடவையும் முறிந்துபோயிருந்தது. முதல் தடவை ஐந்தாவது வெள்ளியில் குளிர்காய்ச்சல் வந்து பாயோடு கிடந்துவிட்டார். இரண்டாம் தடவை ஏழாவது வெள்ளியன்று விடியற்காலையில், பழக்கதோஷத்தில் வெற்றிலையைக் கிழித்து வாயில் போட்டுவிட்டார். நடுச்சாமத்துக்குப் பிறகு எதுவும் வாய்க்குள் போகக்கூடாது என்பது சட்டம். துப்பிப் பார்த்தார், கொப்பளித்துப் பார்த்தார், சாறு போனது போனதுதான். மூன்றாவது முறை கார்த்திகையில் தொடங்கியபோது எச்சரிக்கையாக வெற்றிலைப் பெட்டியைத் தூக்கி மனைவி ரீத்தாளிடம் கொடுத்து, "வியாழக்கிழமை சாயங்காலத்தில இருந்து இத என் கண்ணுல காட்டப்பிடாது" என்று சொல்லிவிட்டார். தலைவெள்ளியன்று கடலுக்கும் போவதில்லை. இப்படியே எட்டு வெள்ளி நல்லபடியாகப் போயிற்று. 1954ஆம் வருஷம் ஆடி மாசம். இனி ஒன்றே ஒன்று.

அதற்கு முந்திய வருஷம் ரோமாபுரியிலிருந்து ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது. நற்கருணை வாங்குகிறவர்கள் வெறும் தண்ணீர் குடிக்கலாம், அதனால் உபவாசம் முறியாது என்று. உபதேசியார் யேசுதாசன் அதைக் கோயிலில் அறிவித்தபோது சனங்களை நம்பாமல் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்: "பச்சைத் தண்ணி மட்டும்தான். சீனி சேரப்பிடாது, காப்பி சேரப்பிடாது, ஒரு கல்லு உப்புகூடச் சேரப்பிடாது. கேட்டுதா?" எல்லாருக்கும் கேட்டது. ஏசுஅடிமைக்குக் கொஞ்சம் அதிகமாகவே கேட்டது. எதற்கு வம்பு என்று அவர் அந்தப் பச்சைத் தண்ணீரையும் தொடவில்லை.

ஒன்பதாவது வெள்ளியன்று வேட்டியை வெளுப்பாக உடுத்திக்கொண்டு, கழுத்தில் செபமாலையோடு அவர் கடற்கரை வழியாகக் கோயிலுக்கு நடந்தார். பொழுது நன்றாக விடிந்திருந்தது. முதல் மணி அடித்தாயிற்று. ஆடிக் கடல் கரையில் வந்து அறைந்துகொண்டிருந்தது. அப்போதுதான் மரியஜானின் மரம் அலைக்குள் வந்து கரை பிடிக்கப் பார்த்து, ஒரு பெரிய அலையில் புரண்டு கவிழ்ந்ததைப் பார்த்தார். மரியஜான் அவருடைய அடுத்த வீட்டுக்காரன். அவன் தலை ஒரு தடவை வெளியே வந்தது. அடுத்த அலையில் காணவில்லை.

ஏசுஅடிமை வேட்டியைக்கூட மடித்துக் கட்டவில்லை. ஓடிப்போய் விழுந்தார். கவிழ்ந்த மரத்தின் கயிறு மரியஜானின் காலில் சுற்றியிருந்தது. அதை அவிழ்த்து, தலைமுடியைப் பிடித்து இழுத்து, இரண்டு அலைகளை முதுகில் வாங்கிக்கொண்டு கரைக்குக் கொண்டுவந்து போட்டார். குப்புறப் படுக்கவைத்து முதுகில் தட்டினார். மரியஜான் வயிற்றிலிருந்த கடலையெல்லாம் கக்கிவிட்டுக் கண்ணைத் திறந்து, "அண்ணே" என்றான். ஏசுஅடிமை ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு கரித்தது.

அப்போதுதான் உறைத்தது. ஒரு வாய் இல்லை, இரண்டு மடக்கு நன்றாகவே உள்ளே போயிருந்தது.

சொட்டச் சொட்ட நனைந்தபடியே கோயிலுக்குப் போனார். பூசை முழுக்கக் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்றார். மணி அடித்து, எல்லாரும் எழுந்து பீடத்துக்கு முன்னாலிருந்த கிராதியில் போய் முழங்காலிட்டபோது, அவர் மட்டும் போகவில்லை. துணிந்து போய் வாங்கியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் தகுதியில்லாமல் வாங்குவது தேவத்துரோகம். வாங்காமலிருந்தால் எட்டு வெள்ளியும் தண்ணீரில் போகும். கிராதியில் சாமியார் ஒவ்வொரு நாக்கிலும் அப்பத்தை வைத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசி ஆளும் எழுந்து வந்தாயிற்று. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் மரியஜான்மேல் கோபப்பட்டார்.

அந்தப் பாவி வேறு, கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய விளமீனைத் தூக்கிக்கொண்டு நன்றி சொல்ல வீட்டுக்கு வந்து நின்றான். "ஏலே, மரத்தக் கவுக்கதுக்கு ஒனக்கு வேற நாளே கிட்டலியா?" என்று ஏசுஅடிமை ஒரு சத்தம் போட்டார். மரியஜான் ஒன்றும் புரியாமல் மீனை ரீத்தாளின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

ரீத்தா கஞ்சியை ஊற்றி வைத்தாள். தொட்டுக்கொள்ளச் சுட்ட நெத்திலி. மணி ஒன்பதரை ஆகியிருந்தது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"குடியும்," என்றாள் ரீத்தா. "ராத்திரியில இருந்து வெறும் வயிறு."

"எனக்கு வேண்டாம்."

"ஒரு உசிரக் காப்பாத்திட்டு வந்திருக்கீரு. அதுக்கு ஆண்டவரு கோவிப்பாரா?"

"கோவிக்கமாட்டாரு. ஆனா எண்ணமாட்டாரு. மறுபடியும் ஒண்ணுல இருந்து தொடங்கணும். இதுக்குள்ள நான் போயிட்டா?"

"தண்ணி குடிக்கலாம்னுதான இப்பம் சட்டம்?"

"பச்சைத் தண்ணி மட்டும்தான்டி! உபதேசியாரு என்ன சொன்னாரு? ஒரு கல்லு உப்பு சேரப்பிடாதுன்னு சொன்னாரா இல்லியா? கடல்ல எத்தன கல்லு உப்பு கெடக்குன்னு நீயே சொல்லு பாப்பம்."

"அப்பம் கடல் தண்ணி தண்ணியில்லியா?"

"இல்ல. அது உப்பு. தண்ணியில சேத்தி இல்ல." பேச்சில் வென்றுவிட்ட சின்னத் திருப்தியோடு அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் பயந்துபோனார். ரீத்தாளின் முகம் வெளுத்துப்போயிருந்தது. கையிலிருந்த அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பம் வள்ளத்துல வச்சு," என்றாள், "நீரு கையால அள்ளி நம்ம பிள்ள தலையில ஊத்துனது என்ன?"

ஏசுஅடிமை தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

இருபது வருஷத்துக்கு முந்திய சங்கதி அது. தலைப்பிரசவத்துக்கு ரீத்தாளை அவள் தாய் வீட்டுக்கு வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போனார். அரை நாள் பயணம்தான். காற்று எதிர்த்ததில் ஒரு முழு நாள் ஆயிற்று. நடுவழியில் வலி கண்டுவிட்டது. கரை தெரிகிற தூரத்தில் இருந்தும், அலை முரட்டுத்தனமாக இருந்ததால் வள்ளத்தைக் கரைக்கு அடுப்பிக்க முடியவில்லை. வள்ளத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. பிறந்து அழவில்லை. மூச்சு மட்டும் மெல்ல வந்துபோய்க்கொண்டிருந்தது. பிழைக்காது என்பது இருவருக்குமே தெரிந்துவிட்டது. ஞானஸ்நானம் இல்லாமல் போகிற குழந்தைக்கு மோட்சம் இல்லை, சாகப்போகிற குழந்தைக்கு அதை யாரும் கொடுக்கலாம், தண்ணீரும் வார்த்தையும் இருந்தால் போதும் என்று ஞானோபதேசத்தில் படித்திருந்தார்கள். தண்ணீருக்குப் பானையைச் சாய்த்தார் ஏசுஅடிமை. பானை காலியாகக் கிடந்தது. அவர் கையை நீட்டிக் கடலில் அள்ளினார். அள்ளி ஊற்றி, பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து என்று சொல்லி முடித்தார். என்ன பெயர் வைப்பது என்று யோசிக்க நேரமில்லை. அதுவரை வாய் ஓயாமல் வேளாங்கண்ணித் தாயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பெயர்தான் வந்தது. வேளாங்கண்ணி கால் மணி நேரம் இருந்தாள்.

அப்போதிருந்த சாமியார், "தண்ணி ஊத்துனியா?" என்று மட்டும் கேட்டார். "ஊத்துனேன் சாமி" என்றார் ஏசுஅடிமை. எந்தத் தண்ணீர் என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கோயில் கல்லறையில் அடக்கம் நடந்தது. பிறகு இசபெல் பிறந்து, வளர்ந்து, குளச்சலில் கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. வேளாங்கண்ணியைப் பற்றி வீட்டில் பேச்சே எழுவதில்லை.

"இருவது வருசமா இத ஒருத்தருட்டயும் நான் கேக்கல," என்றாள் ரீத்தா. "கேட்டா இல்லன்னு சொல்லிருவாவளோன்னு பயம். பானையில கெடந்த நல்ல தண்ணியக் குடிச்சுத் தீத்தது யாரு? நான்லா. வலியில நாக்கு வறண்டு, மடக்கு மடக்கா நான்தான் குடிச்சேன். ஒரு கை தண்ணி மிச்சம் வச்சிருந்தா இந்தச் சந்தேகமே இல்ல. பிள்ள மோச்சத்துல இருக்கா, இல்ல ஆண்டவரு முகத்தப் பாக்காத எடத்துல இருட்டுல கெடக்கான்னு எனக்குத் தெரியல. இப்பம் நீரே சொல்லிட்டீரு, அது தண்ணியில்லன்னு."

ஏசுஅடிமை எழுந்தார். கஞ்சி அப்படியே இருந்தது. "எந்திரி," என்றார். "சாமியார்ட்ட கேப்பம். வாட்டி."

ஊருக்குப் புதிதாக வந்திருந்தவர் சுவக்கீன் சாமியார். வயது இருபத்தெட்டு, ஏசுஅடிமைக்கு மகனாக இருக்கலாம். அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் பிறந்து வளர்ந்தவர். வள்ளத்தில் கால் வைத்தாலே தலைசுற்றுகிறவரைத் துறைக்காரர்களுக்குச் சாமியாராக அனுப்பி வைத்திருந்தார்கள். அவர் மரச்சீனிக் கிழங்கைப் பிட்டுக் காந்தாரி மிளகாயில் தொட்டு வாய்க்குக் கொண்டுபோகிற நேரம், இரண்டு பேரும் சாமியாரின் பங்களா வாசலில் வந்து நின்றார்கள். ஓடி வந்ததில் ரீத்தாளுக்கு மூச்சு இரைத்தது.

"சாமி, கடல் தண்ணியில குடுத்த ஞானஸ்நானம் செல்லுமா?"

"செல்லும்." சாமியார் யோசிக்கவே இல்லை. "கடல், ஆறு, கிணறு, மழை, எல்லாம் தண்ணிதான். ஏன் கேக்குதிய?"

"உப்பு கெடக்குல்லா சாமி?" என்றார் ஏசுஅடிமை.

"கெடந்தா என்ன? ஆண்டவர் படைக்கும்போதே உப்போட படைச்ச தண்ணி. யாரும் கொண்டுபோய்க் கலக்கல்லியே."

ரீத்தாளுக்கு அது போதவில்லை. "புஸ்தகத்துல இருக்கா சாமி? காட்டுவியளா?" என்றாள். அவளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டத் தெரியாது, புத்தகமோ லத்தீன். சாமியார் அதையெல்லாம் சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்த் தடித்த புத்தகத்தை எடுத்துவந்து, பக்கத்தைத் தேடி, "இந்தா, இந்த வரி" என்று விரலை வைத்தார். அவர் விரலை எடுத்ததும் ரீத்தா அந்த இடத்தில் தன் விரலை வைத்தாள். வைத்து, எடுக்கவே இல்லை. பானைத் தண்ணீரைக் குடித்ததிலிருந்து எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தாள்.

சாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க குடிச்சதுனால பிள்ளைக்கு ஒரு குறையும் வரல்ல," என்றார். "சுத்திலும் கடல் நெறைய தண்ணி கெடந்துதே அம்மா. உங்க பிள்ள நேரே மோட்சம். இதுல சந்தேகமே வேண்டாம். எனக்கு மோட்சம் உண்டான்னு கேட்டா யோசிச்சுத்தான் சொல்லுவேன். அவளுக்கு யோசிக்க ஒண்ணுமில்ல."

ரீத்தா வாய்விட்டு அழுதாள். இருபது வருஷமாக நெஞ்சில் வைத்துச் சுமந்ததை இறக்கி வைக்கிற அழுகை. ஏசுஅடிமை வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பி நின்றார்.

அழுகை அடங்கியதும் சாமியார் கேட்டார்: "ஏசுஅடிமை, காலையில ஏன் நற்கருணைக்கு வரல? உங்களைப் பாத்தேன்."

"அது கெடக்கட்டும் சாமி," என்றார் ஏசுஅடிமை.

அது கெடக்கட்டுமாம்! வியாழக்கிழமை சாயங்காலமே வாயைக் கட்டிக்கொண்டு, எட்டு மாதமாக ஊரையும் மனைவியையும் ஆட்டிவைத்த மனுஷர் சொல்கிறார். மகளுடைய காரியம் நல்லபடியாக இருக்கிறது என்று கேட்ட பிறகு, தன் வெள்ளிக்கிழமைக் கணக்கு அவருக்கு மெய்யாகவே மறந்துபோயிருந்தது. ரீத்தாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரியஜான் கவிழ்ந்ததையும் இரண்டு மடக்குக் கடலையும் ஒரு கல் உப்பையும் எடுத்துச் சொன்னாள்.

சாமியார் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு உபதேசியாரைக் கூப்பிட்டார். "யேசுதாசன், சட்டத்துல உப்பு எங்க இருந்து வந்துது?"

யேசுதாசன் தலையைச் சொறிந்தார். "சட்டத்துல இல்ல சாமி. நம்ம சனங்க உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியக் குடிச்சிட்டுப் பச்சைத் தண்ணின்னு சாதிச்சிருவாவ. அதுனால நானா ஒரு கல்லு சேத்துச் சொன்னேன்."

சாமியார் சிரித்த சிரிப்பில் முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. "ஞானஸ்நானத்துக்குத் தண்ணியா இருக்கியது, உபவாசத்துக்கு மட்டும் எப்படித் தண்ணியில்லாமப் போவும்?" என்றவர், திடீரென்று சிரிப்பை நிறுத்தினார். "ஏசுஅடிமை, இதுவரைக்கும் வேற எதும் சாப்பிட்டியளா?"

"எங்க சாப்பிட்டாரு? கோவத்துல கஞ்சியத் திரும்பிக்கூடப் பாக்கல்ல," என்றாள் ரீத்தா.

"அப்பம் வெள்ளிக்கிழமை இன்னும் முடியல்ல. வாங்க."

ஏசுஅடிமையின் வாழ்நாளில் கோபம் ஒரு நல்ல காரியம் செய்தது என்றால் அது அன்றைக்குத்தான். உபதேசியார் கோயிலைத் திறந்து இரண்டு மெழுகுதிரி ஏற்றினார். வெறிச்சென்று கிடந்த கோயிலில், காய்ந்து உப்புப் பூத்த வேட்டியோடு ஏசுஅடிமை கிராதியில் முழங்காலிட்டு, நாக்கை நீட்டி, ஆண்டவரை வாங்கினார். எட்டு வெள்ளியும் வாங்கிவிட்டு வந்து, நல்ல மரணம் தாரும், நல்ல மரணம் தாரும் என்றுதான் கெஞ்சியிருக்கிறார். அன்றைக்கு அவருக்குச் சாவு ஞாபகமே வரவில்லை. கேட்பதற்கு ஒன்றும் தோன்றவும் இல்லை. நெஞ்சு லேசாக இருந்தது, சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான். இப்படிச் சும்மா இருப்பதும் செபம்தானா என்று சாமியாரிடம் கேட்கலாமா என்று நினைத்தார். பிறகு, அந்தச் சந்தேகம் தனக்கு வரவில்லை என்பதாக விட்டுவிட்டார்.

திரும்பி வருகிற வழியில் மரியஜான் மணலில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் மறுபடியும் திட்டு விழுமோ என்று எழுந்து நின்றான். "ஏலே மக்கா, வீட்டுக்கு வா," என்று அவன் தோளில் கைபோட்டார் ஏசுஅடிமை. "அந்த விளமீன உனக்கும் சேத்துக் கறி வைக்கச் சொல்லுதேன்."

சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் வழக்கம்போல இரண்டு பேரும் திரு இருதயப் படத்துக்கு முன்னால் முழங்காலிட்டார்கள். செபமாலை முடிந்தது. தேவமாதா பிரார்த்தனையும் முடிந்தது. பிறகு மோட்சத்தில் இருக்கிற அர்ச்சியசிஷ்டவர்களில் வீட்டுக்கு வேண்டியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். ரீத்தா பெயர் சொல்லுவாள், ஏசுஅடிமை பதில் சொல்லுவார். சூசையப்பரைக் கூப்பிட்டாள். சவேரியாரைக் கூப்பிட்டாள். அந்தோனியாரைக் கூப்பிட்டாள். எல்லாருக்கும் ஒரே இழுவையில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தார் ஏசுஅடிமை. அந்தோனியாரோடு பட்டியல் முடிந்துவிடும். அவர் எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினார்.

ரீத்தா முடிக்கவில்லை. முந்தானையை இழுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

"எங்கள் மகளாகிய வேளாங்கண்ணியே," என்றாள்.

ஊன்றிய கையை எடுத்து அவர் கூப்பிக்கொண்டார். பெற்ற பிள்ளையை 'உம்' என்று மரியாதையாகக் கூப்பிட்டு அவருக்குப் பழக்கமில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."